நின்று போகும் வண்டி

1

2016 ஜனவரியில் ஒரு கதை உலகத்தைச் சுற்றி வந்தது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் கியூ-ஷிராதாகி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே ஏறி இறங்குகிறவள் ஒரே ஒரு பள்ளி மாணவி. அவள் படிப்பை முடிக்கும்வரை ஸ்டேஷனை மூடுவதில்லை என்று ரயில்வே கம்பெனி தீர்மானித்திருக்கிறது. வண்டி வரும் நேரமும் போகும் நேரமும் அவளுடைய பள்ளி நேரத்தை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கின்றன. மார்ச்சில் அவள் படிப்பு முடிகிறது, ஸ்டேஷனும் முடிகிறது. சீனத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று தன் முகநூல் பக்கத்தில் வெளியிட்ட இந்தச் செய்தி சில நாட்களில் எல்லா மொழிகளுக்கும் போய்விட்டது. எனக்கும் வந்தது. நானும் நாலு பேருக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு விவரங்கள் வந்தன. அந்த மாணவி இருந்தது உண்மை. அவள் அந்த ஸ்டேஷனில் ஏறியதும் உண்மை. மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வண்டியில் அவள் மட்டும் போகவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் அதே வண்டியில்தான் பள்ளிக்குப் போனார்கள். மூடப்பட்டதும் அந்த ஒரு ஸ்டேஷன் மட்டுமல்ல. அதே செகிஹொகு பாதையில் காமி-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி என்று இன்னும் இரண்டு. 2016 மார்ச் 26 அன்று அமலுக்கு வந்த புதிய டைம்டேபிளில் மூன்றுமே இல்லை. மார்ச், அந்நாட்டு ரயில்வே கம்பெனிகள் ஆண்டுதோறும் டைம்டேபிளைத் திருத்துகிற மாதம். பள்ளி ஆண்டு முடிவதும் அதே மாதத்தில்தான். இரண்டு காலண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் உலகம் ஓர் இதயத்தைப் பார்த்துக்கொண்டது.

செய்தி பிசகாகப் போவது புதிதல்ல. அதைத் திருத்துவதற்கு ஒரு சிறுபத்திரிகையின் பக்கங்கள் தேவையில்லை. என்னை விடாமல் தொந்தரவு செய்கிற விஷயம் வேறு. உண்மை தெரிந்த பிறகும் அந்தக் கதையை விட மனம் வரவில்லை. 'பொய்யாக இருந்தால் என்ன, அழகாக இருக்கிறதே' என்றார் நண்பர் ஒருவர். கவிதை எழுதுகிறவர். அழகாக இருக்கிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்தக் கதை உண்மையாகவே இருந்திருந்தாலும் அது நல்ல கதைதானா என்று கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

2

நமக்கு இந்தக் கதை பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். பெரியது ஒன்று சிறியதற்காகக் குனிகிற காட்சி நம் மனத்தில் ஏற்கனவே தயாராக இருக்கிறது. தேருக்குப் பதில் ரயில், முல்லைக்குப் பதில் மாணவி.

ஆனால் பாரியின் தேர் பாரியுடையது. அவன் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கொடுக்காமல் போயிருந்தால் முல்லை வழக்குப் போட்டிருக்க முடியாது. கொடுத்தவனுக்குப் பெயர் வருவது இதனால்தான். ரயில் வண்டி எந்த அதிகாரியுடைய தேரும் அல்ல. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வண்டி நிற்பது கொடை என்றால், நிற்காமல் போவது வெறும் கொடாமை. அதில் குற்றமில்லை. யாரும் கேள்வி கேட்க முடியாது. கதையின் நிஜமான விலை இதுதான். அந்தப் பெண்ணுக்கு உரிமையாக இருந்த ஒன்றை நம்முடைய கண்ணீர் அவளுக்குப் போட்ட பிச்சையாக மாற்றிவிட்டது. ஒரு நாளைக்கு ஒருத்திக்காக நிறுத்திய கருணையை நாம் கொண்டாடினோம். அந்தப் பாதையில் வருஷக்கணக்காக வண்டி நின்றுகொண்டிருந்ததை யாரும் கொண்டாடவில்லை. அதற்குக் கதை கிடையாது.

கியூ-ஷிராதாகியின் பூர்வீகம் சுவாரசியமானது. 1947-ல் அது தற்காலிக நிறுத்தமாகத் தொடங்கியது. ஹொக்கைடோவில் இப்படிப்பட்ட நிறுத்தங்கள் பல இருந்தன. வட்டார ரயில்வே அலுவலகமே, தலைமையகத்தின் பட்டியலில் சேர்க்காமல், சுற்றுப்புற மக்களின் சௌகரியத்துக்காக ஏற்படுத்திக் கொடுத்தவை. நாடு முழுவதற்கும் அச்சாகிற டைம்டேபிளில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தேசிய ரயில்வே 1987 ஏப்ரல் 1 அன்று கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோதுதான் கியூ-ஷிராதாகி முறையான ஸ்டேஷன் ஆயிற்று. நாற்பது வருஷம் அது காகிதத்தில் ஸ்டேஷனே இல்லை. வண்டி மட்டும் நின்றது. பிறகு இருபத்தொன்பது வருஷம் ஸ்டேஷனாக இருந்து மறைந்தது.

இன்று ஜப்பானின் ஸ்டேஷன்களில் ஏறக்குறைய பாதியில் ஆள் கிடையாது. கிராமப்புறப் பாதைகளில் ஓரிரு பெட்டிகள் கொண்ட வண்டியை டிரைவர் ஒருவரே ஓட்டுகிறார், கார்டு இல்லை. ஏறும்போது வாசலில் உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்டேஷனில் ஏறினோம் என்பதற்கு அது அத்தாட்சி. டிரைவருக்கு மேலே ஒரு பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டணம் காட்டப்படும். வண்டி போகப் போக அது ஏறும். இறங்கும்போது சீட்டையும் காசையும் டிரைவர் பக்கத்திலுள்ள பெட்டியில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். பெயர் கேட்பதில்லை. ஏன் இங்கே இறங்குகிறாய் என்று கேட்பதில்லை. அந்தச் சீட்டில் இருப்பது ஆளின் அடையாளமல்ல, இடத்தின் எண். யார் வேண்டுமானாலும் அந்த எண்ணுக்குரியவராக இருக்கலாம்.

கவாபாத்தா யசுனாரியின் 'பனி நாடு' நாவலை நம்மில் பலர் ஆங்கிலத்தில் படித்திருக்கிறோம். நீண்ட சுரங்கத்தைத் தாண்டிய வண்டி சிக்னலுக்காக ஓரிடத்தில் நிற்கிறது. யோகோ என்ற பெண் ஜன்னலைத் திறந்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடுகிறாள். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் தன் தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறாள். அந்த இடம் 1931-ல் திறக்கப்பட்ட ஷிமிசு சுரங்கத்தின் வடக்கு வாயிலுக்கு அப்பாலுள்ள த்ஸுசிதாரு என்று சொல்வார்கள். அன்று அது பயணிகள் ஏறும் ஸ்டேஷனே அல்ல. இன்று ஸ்டேஷன்; ஆனால் கூப்பிட்டால் குரல் கொடுக்க மாஸ்டர் இல்லை. முன்பு இந்தக் காட்சியைப் படித்தபோது அந்தப் பெண்ணின் குரலில்தான் என் கவனம் இருந்தது. இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. வண்டி அவளுக்காக நிற்கவில்லை. சிக்னலுக்காக நின்றது. அது நின்றதால்தான் அவளால் கேட்க முடிந்தது. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவிலுள்ள தயவுக்கு ஓர் இடமும் ஒரு சில நிமிஷமும் வேண்டும். அந்த இடத்தையும் நிமிஷத்தையும் தருவது தயவாக இருக்க முடியாது. யாரையும் உத்தேசிக்காமல் நிற்கிற ஏதோ ஒன்றுதான் அதைத் தர முடியும்.

3

இனி எதிர்த் தரப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு கண்ணீர்க் கதை ஆகிவிடும்.

ஜப்பானியத் தேசிய ரயில்வே கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது அதன் தலைமீது சுமார் 37 லட்சம் கோடி யென் கடன் இருந்தது. கிராமத்து ஸ்டேஷன்கள் மட்டும் இந்தக் கடனை ஏற்படுத்திவிடவில்லை. ஆனாலும் காலி வண்டி ஓடுவதற்கும் யாரோ பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஹொக்கைடோவில் பனி பெய்கிற இரவுகளில் தண்டவாளம் பிரிகிற இடங்களில் உறைந்த பனியைச் சுரண்டி எடுக்கிற தொழிலாளிகள் இருக்கிறார்கள். பகலில் இரண்டு பேர் ஏறுவதற்காக இரவில் பத்துப் பேர் விழித்திருக்க வேண்டுமா என்பது அபத்தமான கேள்வியல்ல. 2016 நவம்பரில் ஹொக்கைடோ ரயில்வே கம்பெனி, 1,237 கிலோமீட்டர் பாதையைத் தன்னால் மட்டும் தாங்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அது அதன் மொத்தப் பாதையில் ஏறக்குறையப் பாதி. எண்ணிக்கையை வெறுப்பது நமக்குச் சுலபம். எண்ணிக்கையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரம் பேரிடமிருந்து வாங்கியதை ஒருவருக்குச் செலவழிக்கிறவன் அந்த ஆயிரம் பேருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

1980-ல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி அங்கே கணக்கு எடுத்தார்கள். ஒரு பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பயணிகள் போகிறார்கள் என்பது அளவுகோல். நாலாயிரத்துக்குக் குறைந்தால் அந்தப் பாதையை ரயில்வே கைவிடலாம். இப்படி 83 பாதைகள் கழிக்கப்பட்டன. 45 பாதைகளில் ரயிலுக்குப் பதில் பஸ் வந்தது. 38 பாதைகளை வேறு ரயில் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பல, உள்ளூர் நிர்வாகங்களும் தனியாரும் கூடி நிறுவியவை. எல்லாம் சேர்ந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இந்தச் சட்டத்தை எண்ணிக்கையின் அராஜகம் என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விதிவிலக்குகளைப் படித்தபோது நிதானிக்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், பக்கத்தில் பஸ் போகிற சாலை இல்லாவிட்டால் அந்தப் பாதையை மூடக்கூடாது. சாலை இருந்தாலும் அது பனியால் வருஷத்தில் பத்து நாளுக்குமேல் அடைபட்டுப் போகுமானால் மூடக்கூடாது. நாலாயிரத்தை எழுதிய அதே கை எழுதியது இது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்ட சட்டம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வருகிறவருக்கு வேறு வழி உண்டா என்றும் கேட்டது.

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. அதில் கருணை எதுவும் இல்லை. வறண்ட நிர்வாகக் கேள்வி. ஆனால் கண்ணீர்க் கதை தர முடியாத ஒன்றை அது தருகிறது. வருகிறவர் ஒருவரா நூறு பேரா என்பது அதற்குப் பொருட்டல்ல. அவர் அழகான மாணவியா, சிடுசிடுத்த கிழவரா என்பதும் பொருட்டல்ல. அவர் நம் மனத்தைத் தொட வேண்டியதில்லை. வேறு வழி இல்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். வேறு வழி வந்துவிட்டால் போகலாம்.

ஹொக்கைடோவில் ஃபுகாகாவா முதல் நாயோரோ வரை ஓடிய ஷின்மெய் பாதை 121 கிலோமீட்டர். எந்தக் கணக்கிலும் தேறாதது. நல்ல சாலை இல்லை என்ற ஒரே காரணத்தால் அது பிழைத்திருந்தது. சாலை சீரானது, 1995 செப்டம்பரில் பாதை மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களுக்கு அது இழப்புதான். இருந்தாலும் அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி கேட்கப்பட்டது. பதில் வரும்வரை வண்டி ஓடியது. வடகிழக்கு ஜப்பானின் இவாயிசுமி பாதையும் இதே காரணத்தால் பிழைத்திருந்ததுதான். 2010 ஜூலையில் மண்சரிவில் வண்டி தடம் புரண்டது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ரயிலே ஓடவில்லை. 2014-ல் முறைப்படி மூடினார்கள். ஒரு பாதை யோசித்து மூடப்பட்டது. இன்னொன்று, இயற்கை மூடியதை மறுபடி திறக்காததால் மூடப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

4

தேவை ஒரு பக்கம் இருக்க, பிரியம் என்று ஒன்று இருக்கிறது. நம் வட்டாரத்தில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். பிரியம் ஸ்டேஷன்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்க்கலாம்.

ஹொக்கைடோவின் தென்மேற்கில் கோபோரோ என்று ஒரு ஸ்டேஷன். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நூறு மீட்டருக்கும் குறைந்த வெளி. அதில் ஒரு பிளாட்பாரம். சாலை கிடையாது. சுற்றிலும் வீடு கிடையாது. அங்கே இறங்குகிறவர்கள் இறங்குவதற்காகவே வருகிறவர்கள். இப்படிப்பட்ட ஸ்டேஷன்களுக்கு ரசிகர்கள் ஹிக்கியோ-எகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் எட்டாத ஸ்டேஷன் என்று பொருள்கொள்ளலாம். பல ஸ்டேஷன்களின் காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். வந்தவர்கள் தேதி போட்டு ஏதாவது எழுதிவிட்டுப் போகிறார்கள். கோபோரோவை மூட விரும்புவதாகக் கம்பெனி 2015-ல் சொன்னது. தோயூரா என்ற ஊராட்சி, பராமரிப்புச் செலவை 2016 முதல் ஏற்றுக்கொண்டு அதைக் காப்பாற்றியது. உல்லாசப் பயணிகள் வருகிறார்கள் என்பதே காரணம். 2016-ல்தான் கியூ-ஷிராதாகியும் மூடப்பட்டது. யாருக்கும் தேவையில்லாத ஸ்டேஷன் பிழைத்தது. தேவையிருந்த ஸ்டேஷன் போயிற்று. தோயூராவைக் குற்றம் சொல்லவில்லை. பிரியம் எந்தத் திசையில் பாயும் என்பதற்கு இதை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன்.

இன்னொரு உதாரணம். அசாதா ஜிரோவின் சிறுகதையைக் கொண்டு ஃபுருஹாதா யசுவோ 1999-ல் எடுத்த 'போப்போயா' படம். தகாகுரா கென், மூடப்படவிருக்கிற பாதையொன்றின் கடைசி ஸ்டேஷனில் ஓய்வு பெறப்போகிற ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் குழந்தையாக இறந்த மகளின் உடலைக் கொண்டுவரும் வண்டிக்கும் கொடி காட்டி நின்றவர். மனைவி ஆஸ்பத்திரியில் சாகும்போது மாற்று ஆள் இல்லாததால் பக்கத்தில் இருக்க முடியாதவர். இறந்த மகள் வெவ்வேறு வயதில் வந்து அவரைப் பார்க்கிறாள். மறுநாள் காலை பிளாட்பாரத்துப் பனியில் அவர் செத்துக் கிடக்கிறார். கடமை என்ற சொல்லை நான் இவ்வளவு தூரம் பரிந்து பேசிக்கொண்டு வந்ததால் இந்த மனிதரை எதிர்கொள்ளாமல் தப்பிக்க முடியாது. அவருடைய நிலைமை எனக்குப் பயமாக இருக்கிறது. மாற்று ஆள் ஒருவர் இருந்திருந்தால் அவர் மனைவி பக்கத்தில் இருந்திருப்பார். வண்டியும் நின்று போயிருக்கும். ஒரு ஸ்தாபனம் செய்ய வேண்டியதை ஒரு தனிமனிதர் தன் உடம்பால் செய்துகொண்டிருந்தார். படம் அதை மகத்துவம் என்கிறது. ஆள் போதவில்லை என்றும் அதைச் சொல்லலாம். மாணவியின் கதையைத் திருப்பிப் போட்டால் இந்தக் கதை வருகிறது. அங்கே ஸ்தாபனத்தின் கருணை. இங்கே தனிமனிதரின் தியாகம். இரண்டிலும் காணாமல் போவது சாதாரண ஏற்பாடு.

படம் எடுத்த ஸ்டேஷன் நெமுரோ பாதையில் உள்ள இகுதோரா. படத்தில் அதன் பெயர் ஹொரோமாய். படப் பெயர்ப்பலகையைப் பிற்பாடும் அங்கேயே வைத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. அதன் பிறகு இகுதோராவுக்கு ரயில் வரவில்லை, பஸ்தான் வந்தது. ஃபுரானோவுக்கும் ஷின்தோகுவுக்கும் இடைப்பட்ட பாதை 2024 மார்ச் 31-ஓடு முடிவுக்கு வந்தது. ஏழரை வருஷம் ரயில் வராத ஒரு ஸ்டேஷனைப் பார்க்க ரசிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூடப்போகிற பாதைகளின் கடைசி நாட்களில் கூட்டம் கூடுகிறவர்களை ஜப்பானியர்களே கொஞ்சம் கேலியாக 'சாவு வீட்டு ரயில் ரசிகர்கள்' என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டம் கொஞ்ச வருஷம் முன்னால் டிக்கெட் வாங்கியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வகாயாமாவின் கிஷி ஸ்டேஷனில் 2007 ஜனவரியில் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பழைய கம்பெனி கைவிட்ட அந்தப் பாதையைப் புதிய கம்பெனி எடுத்துக்கொண்டது. சிக்கனத்துக்காக ஸ்டேஷனிலிருந்து ஆட்களை விலக்கியது. தொப்பி வைத்த பூனையைப் பார்க்க நாடு திரண்டது. பாதை பிழைத்தது. தாமா 2015-ல் இறந்தபோது பெரிய மரியாதையோடு வழியனுப்பினார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை, சிரிப்புகூட வருகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஒரு பூனை தேவைப்பட்டது. பூனை கிடைக்காத ஊர்கள் என்ன செய்யும்?

5

நான் ஜப்பானுக்குப் போனதில்லை. போகாத ஊரின் ஸ்டேஷன்களைப் பற்றி இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஒரு கிராமத்துக் கிளையைப் பக்கத்து டவுன் கிளையோடு சேர்த்துவிட்டோம். சேர்ப்பது என்பது அலுவலகப் பாஷை. ஜனங்கள் பாஷையில் மூடுவது. அதற்கு முன் மூன்று மாத காலத்துக்குக் கவுண்ட்டரில் நடந்த வரவு செலவுகளைப் பட்டியல் போட்டுத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. சரியாகச் செய்தேன். நாள்வாரியாக எண்ணிக்கை, சராசரி, ஒரு வரவு செலவுக்கு ஆகும் செலவு. கடைசியில் என் கையெழுத்து.

அந்தக் கிளைக்கு மாதம் ஒரு முறை ஒரு பாட்டி வருவாள். பென்ஷன் பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதி பத்திரமாக இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போவாள். பட்டியல் தயாரான நாளில் இந்தப் பாட்டியைப் பற்றிச் சக ஊழியர்களிடம் உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் உருகினார்கள். காபி வந்தது. பட்டியல் மேலே போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. ஏதோ செய்துவிட்ட திருப்தி. நான் செய்ததெல்லாம் அவளைக் கதையாக்கியதுதான்.

பட்டியலில் ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். டவுன் கிளை எத்தனை கிலோமீட்டர், பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அறுபது வயதுக்கு மேற்பட்ட கணக்குதாரர் எத்தனை பேர். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சேர்த்திருந்தாலும் கிளை மூடப்பட்டிருக்கலாம். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மூட வேண்டியிருந்திருக்கும். நான் அவருக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. பாட்டி இப்போது எப்படிப் போகிறாள் என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் அது கதையின் இரண்டாம் பாகம் ஆகிவிடுமோ என்ற பயம்.

மாணவியின் கதையைத் தழுதழுத்துச் சொன்னவனும், பட்டியலில் பத்தி சேர்க்காதவனும் ஒரே ஆள் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. உருகுவதில் செலவாகிவிடுகிற ஏதோ ஒன்றுதான் பத்தி சேர்ப்பதற்கும் தேவைப்படுகிறது.

6

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் சில நூறு பேர். அதில் பாதிப் பேர் இதில் எழுதுகிறவர்கள். 'ஒரு வாசகன் போதும்' என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். கியூ-ஷிராதாகிக்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூசுகிறது. அதில் எழுதுகிறவன் பாரி ஆகிவிடுகிறான், வாசகன் முல்லை. அந்த ஒரு வாசகனின் முகத்தை நாமே வரைந்து வைத்துக்கொண்டு அவனுக்காக வண்டியை நிறுத்துகிறோம். அவன் பெரும்பாலும் நம்மைப் போலவே இருக்கிறான். வேறு யாராவது ஏறினால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது.

சின்ன ஸ்டேஷனிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது வேறு. அது யாரையும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் திறந்திருக்கிறது. ஓசு யசுஜிரோவின் 'மிதக்கும் களைகள்' படம் (1959) முடிவை நெருங்குவது இப்படிப்பட்ட ஒரு ஸ்டேஷனில்தான். நாடகக் கோஷ்டி கலைந்துவிட்டது. சண்டை போட்டுப் பிரிந்த நடிகனும் நடிகையும் தனித்தனியாக வந்து இரவில் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் வாயில் சிகரெட், நெருப்பில்லை. அவள் தீக்குச்சியைக் கிழித்து நீட்டுகிறாள். முதலில் அவன் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு வாங்கிக்கொள்கிறான். அந்த அறையை யாரும் அவர்கள் சமாதானமாவதற்காகக் கட்டவில்லை. வண்டிக்கு நேரமிருக்கிறது, உட்கார பெஞ்சு இருக்கிறது. அவ்வளவுதான். ஒரு பத்திரிகை அந்த பெஞ்சு அளவுக்கு உபயோகமாக இருந்துவிட்டால் நிறைய.

ஜப்பானிய டைம்டேபிள் புத்தகங்களில் ஒவ்வொரு பாதைக்கும் ஸ்டேஷன் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பத்தி. வண்டி நிற்கிற ஸ்டேஷனுக்கு நேரே நேரம் அச்சாகியிருக்கும். நிற்காமல் தாண்டிப் போகிற ஸ்டேஷனுக்கு நேரே, சின்னக் கொக்கி போன்ற ஓர் எழுத்தைப் போட்டிருப்பார்கள். இங்கே நிற்கவில்லை, ஆனால் இப்படி ஒரு ஸ்டேஷன் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இன்று செகிஹொகு பாதையில் காமிகாவாவை விட்டால் அடுத்த ஸ்டேஷன் ஷிராதாகி. நடுவே 37 கிலோமீட்டர். அங்கே முன்பு இருந்த ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஷிராதாகிக்கு அடுத்த வரியில் இருந்த கியூ-ஷிராதாகியும் இல்லை. அந்தப் பெயர்களுக்கு நேரே கொக்கி எதுவும் இல்லை. நிற்கவில்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு வரி இருக்க வேண்டும்.

நான் போட்ட பட்டியலின் நகல் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் மொத்தம் ஐந்து பத்திகள்.